ஆறு கோழிக்கு ஒரு கைப்பிடி

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மொட்டை மாடியில் கூண்டு கட்டி ஆறு பெட்டைக்கோழி வளர்க்கிறீர்கள். கடைத் தீவனம் முழுக்க "கெமிக்கல்" என்று யாரோ சொன்னதால் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டு, காலையில் மிச்சச் சோறும் மாலையில் பொரியும் போடுகிறீர்கள். இனி வீட்டிலேயே சத்தான நொறுக்குத் தீனி செய்து கொடுக்க ஆசை. எதை வைத்துச் செய்வது, எதைப் போடக்கூடாது என்பது கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு மாதமாக முட்டை குறைந்துவிட்டது, வருகிற முட்டைக்கும் ஓடு மெலிதாக இருக்கிறது. எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. தின்பண்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்கிறேன். ஆனால் அந்த மெலிந்த ஓட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. நாமக்கல் பக்கம் ஒரு தீவன மில்லில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தேன். மக்காச்சோளம், சோயா, புண்ணாக்கு எல்லாம் லாரியில் வந்து இறங்கும்போது ஈரம் பார்ப்பது, பூசணம் பார்ப்பது, கலவைக் கணக்குப் போடுவது இதெல்லாம்தான் என் பிழைப்பு. அதை விட்ட பிறகு வீட்டுக் கொல்லையில் சிறுவிடை என்ற சின்ன நாட்டுக்கோழி இனமும் சில கலப்புக் கோழிகளுமாக வளர்த்து வருகிறேன். அதனால் தீவனக் கணக்கில் நான் சொல்வதை நம்பலாம். நோய், மருந்து விஷயத்தில் நான் சொல்வதை ஒரு மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

முதலில் கணக்கு. நன்றாக முட்டையிடும் கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் தீவனம் தின்னும். சிறுவிடை என்றால் அதைவிடக் குறைவு. முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம், கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். அதாவது 100 கிராம் தின்றால் கோழிக்குச் சுமார் 17 கிராம் புரதமும் 3.5 கிராம் கால்சியமும் போகிறது. ஒரு முட்டை ஓட்டில் மட்டும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்கிற கால்சியம் முழுவதும் உடம்பில் சேராது, பாதி சேர்ந்தாலே நல்ல கணக்கு. இப்போது நீங்கள் தீவனத்தைப் பாதியாக்கிவிட்டீர்கள். 50 கிராமில் வருவது 1.75 கிராம் கால்சியம். அது முழுதாகச் சேர்ந்தால்கூட ஒரு ஓட்டுக்குப் போதாது. மிச்சத்தைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். கொஞ்ச நாளைக்கு அப்படிக் கொடுக்கும், அப்புறம் ஓடு மெலியும், அப்புறம் முட்டையே நிற்கும். உங்கள் மாடியில் நடப்பது அநேகமாக இதுதான். நேரில் பார்க்காமல் "அநேகமாக" என்பதற்கு மேல் சொல்ல முடியாது. வேறு காரணங்களும் உண்டு, கடைசியில் வருகிறேன்.

பாதித் தீவனத்தின் இடத்தை நிரப்பிய சோற்றைப் பாருங்கள். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் மூன்று பங்கில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். புரதம் 3 கிராமுக்கும் கீழே, கால்சியம் இருக்கிறதா என்று தேட வேண்டும். பொரியும் அரிசிதானே, காற்று ஊதிய அரிசி. கோழியின் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை சின்னது. சோற்றால் நிரம்பிய பையில் வேறு எதற்கும் இடமில்லை. வயிறு நிறைந்த கோழி பட்டினி கிடக்கிறது என்றால் கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

இந்தச் சோற்றுக்கு ஒரு சரித்திரமே உண்டு. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்குத் திடீரென்று கால் தள்ளாடியது, நிற்க முடியாமல் விழுந்தன. சில மாதம் கழித்து அவையாகவே தேறின. விசாரித்தால், அந்த மாதங்களில் ராணுவ மருத்துவமனைச் சமையலறையிலிருந்து மிச்சமான தீட்டிய அரிசிச் சோறு கோழிகளுக்குப் போயிருக்கிறது. பிறகு வந்த புதுச் சமையல்காரர், ராணுவத்துச் சோற்றை வெளிக் கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். தவிடு போகாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. அந்த நூலைப் பிடித்துப் போனதுதான் வைட்டமின் பி1 வரை வந்தது; எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஒரு சமையல்காரரின் கறார்த்தனம் மருத்துவத்துக்கு இவ்வளவு செய்திருக்கிறது. நம் புழுங்கல் அரிசியில் அந்தச் சத்து ஓரளவு உள்ளே இறங்கி நிற்கும், பச்சரிசியில் தீட்டும்போதே போய்விடும். உங்கள் கோழிகள் பாதித் தீவனமாவது தின்பதால் கால் தள்ளாடும் நிலைக்குப் போகாது. நான் சொல்ல வருவது, சோறு மட்டும் ஒரு தீனி ஆகாது என்பதைக் கோழியே நிரூபித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"கெமிக்கல்" விஷயத்தையும் பேசிவிடலாம், இல்லையென்றால் நான் சொல்வது உங்கள் மனதில் ஏறாது. முட்டைக்கோழித் தீவன மூட்டையில் பெரும்பாலும் மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல், கொஞ்சம் உப்பு, வைட்டமினும் தாதுவும் சேர்ந்த பிரீமிக்ஸ், மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இவைதான் இருக்கும். மெத்தியோனின் ஆலையில் தயாராவது, அதைக் கெமிக்கல் என்றால் கெமிக்கல்தான். ஆனால் அது முட்டையிலும் மீனிலும் இருக்கும் அதே பொருள். ஹார்மோன் கலக்கிறார்கள் என்பது கதை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் போட்டால் வயிற்றிலேயே செரித்துவிடும், காசுதான் வீண். ஆனால் கவலைப்படவே ஒன்றுமில்லை என்றும் சொல்ல மாட்டேன். குஞ்சுத் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து சேர்ப்பது வழக்கம். ஆன்டிபயாட்டிக் விஷயத்திலும் தவறுகள் நடந்திருக்கின்றன. கொலிஸ்டின் என்ற மருந்தை இந்திய அரசு 2019-இல் கோழி உள்ளிட்ட பண்ணை விலங்குகளுக்குத் தடை செய்ததே அதனால்தான். அதனால் மூட்டை லேபிளைப் படியுங்கள், மருந்து சேர்க்காத முட்டைக்கோழித் தீவனமாகக் கேட்டு வாங்குங்கள். பாதியாகக் குறைப்பது அதற்குத் தீர்வு இல்லை.

"கேழ்வரகில் கால்சியம் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் போதாதா?" என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். தானியங்களில் கேழ்வரகுதான் கால்சியத்தில் ராஜா, சந்தேகமில்லை. 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம். ஆனால் கோழிக்குத் தேவையான மூன்றரை கிராமை அதிலிருந்தே எடுக்க வேண்டுமென்றால் அது ஒரு நாளைக்கு ஒரு கிலோ கேழ்வரகு தின்ன வேண்டும். கோழியே ஒன்றரை கிலோதான் இருக்கும்.

சரி, இனி தின்பண்டம். தீவன ஆட்கள் சொல்லும் ஒரு பொது அளவு உண்டு: பத்தில் ஒன்பது பங்கு முழுத் தீவனம், ஒரு பங்கு மற்றவை. இது வேதவாக்கு இல்லை. கொல்லையிலும் களத்திலும் நாள் முழுக்கக் குப்பையைச் சீய்த்துத் திரியும் கோழிக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அது தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும். ஆனால் உங்களுடையது மாடிக்கூண்டு. நீங்கள் போடுவதைத் தவிர அதற்கு உலகமில்லை. அதனால் உங்களுக்கு இந்த அளவு கறாராகப் பொருந்தும். ஆறு கோழிக்கு 600 கிராம் தீவனம் என்றால் அதில் பத்தில் ஒன்று 60 கிராம், காய்ந்த நிலையில். அதாவது ஒரு கைப்பிடி, பெரிய கையாக இருந்தால் ஒன்றேகால். ஒரு தட்டோ ஒரு சொம்போ இல்லை. அவ்வளவு சின்ன இடம்தான் இருக்கிறது என்றால், அதை அரிசியால் நிரப்புவதா, அரிசியில் இல்லாததால் நிரப்புவதா என்பதுதான் கேள்வி.

நான் செய்யும் மாலைக் கலவை இது. 30 கிராம் கம்பு, அம்மியில் ஒரு இழுப்பு இழுத்து உடைத்தது. 15 கிராம் எள்ளுப் புண்ணாக்கு. 15 கிராம் பாசிப்பயறு, வேகவைத்தது. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, காம்போடு நறுக்கியது. எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்துப் பிசற வேண்டும். பதம் புட்டு மாவு மாதிரி உதிர வேண்டும். கூழாகிவிட்டால் அலகில் ஒட்டும், தட்டில் புளிக்கும், ஈ வரும். இந்தக் கலவையில் புரதம் இருபது சதவீதத்தைத் தொடும், அதாவது தீவனத்தை நீர்க்கச் செய்யாது. எள்ளுப் புண்ணாக்கைச் சும்மா போடவில்லை. பயறிலும் கடலையிலும் மெத்தியோனின் குறைவு, எள்ளில் அது அதிகம். இறகுக்கும் முட்டைக்கும் அதுதான் முதலில் போதாமல் போகும். மரச்செக்குப் புண்ணாக்கில் கருப்பட்டி போட்டு ஆட்டியிருப்பார்கள், இனிக்கும். கோழிக்கு வைத்ததை வீட்டுப் பிள்ளைகள் தின்றுவிடும், அது என் வீட்டில் நடப்பது. அரை மணி நேரத்தில் கோழி தின்னாமல் விட்டதை எடுத்துக் கொட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் நனைந்த தீனி இரண்டு மணி நேரத்தில் நாறும்.

இதோடு இன்னொரு கிண்ணம் வேண்டும்: மணலும் சிறு கல்லும். கோழிக்குப் பல் இல்லை, அரைவைப்பையில் இருக்கும் கல்தான் அதற்கு அம்மி. கொல்லைக் கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். சிமென்ட் தளத்தில் நிற்கும் கோழிக்குக் கல் எங்கே கிடைக்கும்? முழுத்தானியம் போடுகிறீர்கள் என்றால் இது கட்டாயம். கட்டட வேலைக்குச் சலித்து ஒதுக்கிய பருமணல், கழுவியது, போதும்.

முட்டை ஓட்டைக் கோழிக்கே திருப்பிக் கொடுக்கலாமா என்றும் கேட்பீர்கள். தாராளமாக. ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட்தான். கழுவி, ஒரு கொதி விட்டு, வெயிலில் காயவைத்து, நொய் அளவுக்கு நொறுக்குங்கள். மாவாக அரைக்காதீர்கள். கோழி உடம்பில் ஓடு கட்டும் வேலை சுமார் இருபது மணி நேரம் நடக்கிறது, அதில் பெரும்பகுதி ராத்திரி. கொஞ்சம் பருமனாக இருந்தால் அரைவைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கரைந்துகொண்டிருக்கும். அதனால்தான் மாலையில் வைப்பது. பாதி ஓடாக அப்படியே போடாதீர்கள், முட்டையின் உருவம் தெரிந்தால் கொத்திக் குடிக்கும் பழக்கம் வந்துவிடும் என்ற பயம் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் உண்டு. தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும், இடாதது தொடாது. குஞ்சுக்கும் சேவலுக்கும் அவ்வளவு கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் எல்லோரும் தின்னும் தீனியில் கலக்கக் கூடாது. கிளிஞ்சல் கிடைத்தால் அது இன்னும் வசதி. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு லிட்டரில் இரண்டு கிராமுக்கும் குறைவாகத்தான் கரையும், அதனால் பயன் சொற்பம். அடியில் தங்கும் சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும்.

கீரை விஷயத்தில் உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. முருங்கை, அரைக்கீரை, தண்டு, கொத்தமல்லிக் காம்பு, முட்டைக்கோஸின் மேல் இலை எல்லாம் சரி. போடுகிற விதம்தான் முக்கியம். ஒரு கட்டாகக் கட்டி, கோழி கழுத்தை நீட்டி ஒரு குதி குதித்தால் எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். மாடிக்கூண்டில் கோழிக்கு உணவுக் குறைக்கு அடுத்த பெரிய குறை, செய்வதற்கு வேலை இல்லாதது. வேலையில்லாத கோழி பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கும். தொங்கும் கீரைக்கட்டு ஒரு மணி நேர வேலை. தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சின்னச் செடியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நானும் தொட்டியில் வளர்க்கிறேன். அதில் இருபது இருபத்தைந்து சதவீதம் புரதம் என்பது பொய்யில்லை, ஆனால் அது காய்ந்த எடைக்கு. பச்சை அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராம் அள்ளிப் போட்டால் கிடைப்பது ஒன்று, ஒன்றரை கிராம் புரதம். நல்ல கீரை, அவ்வளவுதான். தீவனச் செலவைப் பாதியாக்கும் என்று யாராவது சொன்னால் அவர்களிடம் தராசு இல்லை. சவுண்டல் (சூபாபுல்) மரத்தழையைக் கொடுக்க வேண்டாம். ஆட்டுக்கு அது அமிர்தம், ஆனால் அதில் இருக்கும் மைமோசின் என்ற நச்சு கோழிக்கு ஆகாது.

கோழிக்கு இதுவரை கண்டுபிடித்த தின்பண்டத்தில் கரையானை மிஞ்ச ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, வைக்கோல், சோளத்தட்டை எல்லாம் அடைத்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். விடிகாலையில் பானையைத் திறந்தால் உள்ளே கரையான் கொதிக்கும். குஞ்சுகளிடம் கொண்டுபோய்க் கொட்டினால் அந்தச் சத்தமே தனி. உங்களுக்கு மாடியில் இது ஆகாது. தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள், வீட்டுக் கதவு நிலை போய்விடும். அதற்குப் பதில் மீன் கழுவும்போது வரும் தலை, குடலை உப்பில்லாமல் வேகவைத்து வாரம் ஒருமுறை கொஞ்சம் போடலாம். தினமும் போட்டால் முட்டையில் மீன் வாடை வரும். இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் காலத்தில் ஒரு அவித்த முட்டையை மசித்து ஆறுக்கும் பங்கிடுவேன். இறகு முழுக்கப் புரதம்தானே.

சித்திரை வைகாசியில் தீனி முறையே மாற வேண்டும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். தின்றதைச் செரிப்பதும் உடம்பில் சூடு கிளப்பும் வேலைதான். அதனால் விடியலில் ஒரு பங்கு, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு பங்கு என்று தீவனத்தைப் பிரித்துவிடுங்கள், நடுப்பகலில் தானியம் வேண்டாம். பகலுக்குத் தர்பூசணித் தோல், வெள்ளரி, சுரைக்காய்ச் சதை. மோர் கொடுக்கலாமா என்றால், பால் சர்க்கரை கோழிக்குச் சரியாகச் செரிக்காது. பாலைவிடப் புளித்த மோரில் அது குறைவு, அதனால் கொஞ்சம் தெளித்துப் பிசறினால் கெடுதல் இல்லை. குடிதண்ணீருக்குப் பதிலாக மோர் வைக்காதீர்கள்.

கூடாதவற்றில் முதலிடம் உப்புக்கு. தீவனத்தில் உப்பு அரை சதவீதத்துக்கும் குறைவு. கருவாடு, ஊறுகாய், மிக்சர், முறுக்கு, சிப்ஸ் எல்லாம் அதைப் போல எத்தனையோ மடங்கு. குஞ்சுகள் இதில் சீக்கிரம் செத்துப்போகும். சாம்பார்ச் சோறு, குழம்புச் சோறு வேண்டாம் என்று நான் சொல்வதும் உப்புக்காகத்தான், காரத்துக்காக இல்லை. மிளகாய்க் காரம் பறவைக்கு உறைக்கவே உறைக்காது. நமக்கு எரிச்சலை உணர்த்தும் அந்த நரம்பு உணர்வி பறவைகளில் மிளகாய்க்கு அசைவதில்லை. செடியில் பழுத்த மிளகாயைக் கோழி மிட்டாய் மாதிரி கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது பூசணம். இதில் நான் மில்லில் கற்ற பயம் இன்னும் போகவில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் விஷம் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்லடாக்சின் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்ததே அப்போதுதான். அந்த விஷம் வேகவைத்தாலும் போகாது, வெயிலில் காயவைத்தாலும் போகாது. "நமக்கு ஆகாது, கோழிக்குப் போடு" என்று ஒதுக்கும் பூசணம் பிடித்த கடலை, தேங்காய், சோளம், ரொட்டி எதையும் போடாதீர்கள். நமக்கு ஆகாதது அதற்கும் ஆகாது. நான் கடலைப் புண்ணாக்கை விட்டு எள்ளுக்குப் போனதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

மாட்டுக்கு வைத்திருக்கும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் வேண்டாம். இதை நான் அறிந்தே இருந்தும், மில்லை விட்டு வந்த முதல் வருஷம் சோம்பேறித்தனத்தில் மாட்டுத் தொட்டியிலிருந்து தினமும் ஒரு கை அள்ளிப் போட்டேன். மூன்று வாரம் கழித்து முட்டையை உடைத்தால் மஞ்சள் கரு பாசி நிறத்தில் இருக்கிறது. கெட்டுப்போன முட்டை என்று என் மனைவி கூடையோடு குப்பையில் கொட்டினாள். அதில் இருக்கும் காசிபால் என்ற பொருளின் வேலை அது. பதினோரு வருஷம் தீவனக் கணக்குப் போட்டவன் வீட்டில் இது நடந்தது என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். அப்புறம், மரவள்ளித் தோலும் இலையும் பச்சையாக ஆகாது, சயனைடு உண்டு. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்குத் தோல் வேண்டாம். ராஜ்மா மாதிரிக் கொட்டைகள் வேகாமல் வேண்டாம். மாடித் தோட்டம் இருந்தால் தொட்டிகளுக்கு ஆமணக்குப் புண்ணாக்கு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது உரம், கோழி கொத்தினால் விஷம். இங்கிலாந்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே சமையலறை மிச்சத்தைக் கோழிக்குப் போடுவதே சட்டப்படி குற்றம், வீட்டில் வளர்ப்பதாக இருந்தாலும்.

இதுவரை சொன்னவை நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இனி வருபவை அப்படி இல்லை. பப்பாளி விதை குடற்புழுவை எடுக்கும், பூண்டு நோயை அண்டவிடாது, வேப்பிலை வயிற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்கிறார்கள். நானும் இவற்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. நல்லது நடந்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன். கொடுத்த கோழி, கொடுக்காத கோழி என்று பிரித்து எண்ணிப் பார்க்காமல் "என் கோழிக்குக் கேட்டது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. சின்ன வெங்காயம் இரண்டு மூன்று நறுக்கிப் போடுவது நம் வீடுகளில் தலைமுறையாக இருக்கும் பழக்கம், அந்த அளவுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. கிண்ணம் நிறைய தினமும் போட்டால் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும் குணம் வெங்காயத்துக்கு உண்டு. மஞ்சள் தூள் போட்டால் வெள்ளைக்கழிச்சல் வராது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அதற்குத் தடுப்பூசிதான். மஞ்சள் கருவின் நிறத்துக்குச் செண்டுமல்லி இதழ் போடுகிறார்கள். அது நிச்சயமாக வேலை செய்யும், நிறம் ஏறும். ஆனால் நிறத்தை வைத்து முட்டையின் சத்தை அளக்க முடியாது.

இவ்வளவு கட்டுப்பாடு சொன்ன பிறகு, தின்பண்டம் எதற்கு, தீவனமே போதாதா என்று தோன்றலாம். சத்துக்கு என்றால் தீவனமே போதும். நான் தினமும் சாயங்காலம் நாலரைக்கு ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் கம்பைப் போட்டுக் குலுக்குவது வேறு காரணத்துக்காக. அந்தச் சத்தத்துக்கு எல்லாக் கோழியும் ஓடிவரும். ஓடிவராத கோழிக்கு அன்றைக்கு ஏதோ சரியில்லை. கோழி நோயை மறைக்கும் பிராணி. இறகைச் சிலிர்த்து ஒதுங்கி நிற்கும்போது பாதி காரியம் முடிந்திருக்கும். ஆனால் தின்பண்டத்துக்கு வராமல் இருப்பதை ஒரு நாள் முன்னாலேயே பார்த்துவிடலாம். அப்படி வராததைப் பிடித்து, ராத்திரி தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன், மறுபடி விடியலில் தொட்டுப் பார்ப்பேன். ராத்திரி நிறைந்திருந்து காலையில் காலியாக இருந்தால் நிம்மதி. காலையிலும் கல்லாகவோ, தண்ணீர்ப்பை மாதிரி தளும்பியோ இருந்தால் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். என் கோழிகளில் இரண்டைக் காப்பாற்றியது அந்த டப்பாதான்.

இப்போது உங்கள் முட்டைக்கு வருகிறேன். நாளையிலிருந்து முழு அளவு முட்டைக்கோழித் தீவனத்துக்குத் திரும்புங்கள். சோற்றையும் பொரியையும் ஒரேயடியாக நிறுத்தாமல் நாலைந்து நாளில் குறைத்து நிறுத்துங்கள், இல்லையென்றால் புதுத் தட்டைப் பார்த்துவிட்டு அவை சோற்றுக்காக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். மாலையில் ஒரு கைப்பிடிக் கலவை, ஓட்டு நொறுக்கு ஒரு கிண்ணம், மணல் ஒரு கிண்ணம், தொங்கும் கீரை. இரண்டு மூன்று வாரத்தில் ஓடு தடிமனாக வேண்டும். ஆகவில்லை என்றால் தீனி காரணமில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கலாம்: இறகு உதிர்க்கிறதா, ஏதாவது அடையில் உட்கார்ந்திருக்கிறதா, வயதாகிவிட்டதா, கூண்டு மேல் தகரம் பகலில் தொட்டால் சுடுகிறதா. சிறுவிடையாக இருந்தால் ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்துவிட்டு ஓய்வெடுப்பது அதன் இயல்பு, அதற்கு மருந்து தேட வேண்டாம். ஆறில் எது எந்த இனம், எத்தனை மாதம், கடைசியாகத் தடுப்பூசி எப்போது போட்டது என்பதை எழுதுங்கள். மெலிந்த ஓட்டு முட்டை ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு படமும் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.